ஓடுவதும் ஒட்டுவதும்: வேர் முடிச்சுப் பாக்டீரியாவின் உட்கட்டுப்பாடு

உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் சாகுபடி செய்யும் நம் அங்கத்தினர்கள், பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரை நீரில் அலசிப் பார்த்திருப்பார்கள். வேரெங்கும் சிறு மணிகளைப் போன்ற முடிச்சுகள் திரண்டிருக்கும். அவற்றுள் ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாய்த் தோன்றும். அச்சிவப்பு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும் வேலை அங்கு நடைபெறுகிறது என்பதற்கு அடையாளம். சில செடிகளில் முடிச்சுகள் இருந்தும் உள்ளே வெளுத்திருக்கும். அத்தகைய முடிச்சினால் செடிக்கு ஒரு பயனும் இல்லை.

வெளுத்த முடிச்சுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, முடிச்சுக்குள் புகவேண்டிய பாக்டீரியா உட்புகாமலே நின்றுவிடுவது. அது ஏன் நின்றுவிடுகிறது என்று ஆராயப் புகுந்த விஞ்ஞானிகள், அந்த நுண்ணுயிரினுள்ளே மூன்று புரதங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தி நடத்தும் ஒரு நிர்வாகத்தைக் கண்டார்கள். அதனை நெசவாளரும் சாகுபடியாளரும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் வண்ணம் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம். இரு தொழிலாருக்கும் இதில் பங்கு உண்டு என்பது போகப்போகத் தெரியும்.

காற்றில் உள்ள செல்வம்

நம்மைச் சூழ்ந்த காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜனே. ஆயினும் செடி அதனை நேரே உட்கொள்ள இயலாது. உரத் தொழிற்சாலையில் அதனை அம்மோனியாவாக மாற்ற, ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி வரை சென்டிகிரேடு வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி எரிபொருட் செலவே. அதே வேலையை, வயல் மண்ணின் மிதமான சூட்டிலேயே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே நீளமுள்ள பாக்டீரியா செய்து முடிக்கிறது.

அவரைக் குடும்பத்துச் செடிகள் இவ்வாறு காற்றிலிருந்து தழைச்சத்துப் பெறுகின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் 1888-இல் விளக்கமாக வெளியிட்டனர். அதே ஆண்டில் ஹாலந்து தேசத்து பெய்ஜரிங்க் என்பவர் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இன்று நாம் விதையுடன் கலக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தின் பூர்வோத்தரம் இதுவேயாகும்.

ரைசோபியம் இனத்தில் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற செடியையே நாடும். அவற்றுள் மிகவும் நுணுகி ஆராயப்பட்டது, குதிரை மசால் என்று நாம் அழைக்கும் தீவனப் பயிரின் வேரில் குடியேறும் சைனோரைசோபியம் மெலிலோட்டி என்பது. இதன் ஜீன்களின் முழு வரிசையும் 2001-இல் படித்து முடிக்கப்பட்டது. நாம் கூறப்போவன எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு பாக்டீரியாவிடம் கண்டறிந்தவையே.

வேரின் அழைப்பு

வேரும் பாக்டீரியாவும் கூடுவது தற்செயலாக நிகழ்வதன்று. குதிரை மசால் வேர் லூட்டியோலின் என்னும் ஒரு பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதனை உணர்ந்த பாக்டீரியா, பதிலுக்குத் தானும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அப்பொருள் பட்டதும் வேர்மயிர் என்னும் மெல்லிய இழை, ஆடு மேய்ப்பவர் கைக்கோலின் நுனிபோல் வளைந்து சுருளுகிறது. சுருளின் மடிப்பில் சிக்கிய பாக்டீரியாக்கள் அங்கேயே பெருகி ஒரு சிறு கூட்டமாகின்றன. பின்னர் வேர்மயிரின் சுவர் உள்நோக்கி மடிந்து, ஊசித் துளையினும் நுண்ணிய ஒரு குழாயாக நீளுகிறது. அக்குழாயின் வழியே பாக்டீரியாக்கள் வரிசையாக உட்சென்று, வேரின் உட்புறத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் முடிச்சை அடைகின்றன.

இப்பயணத்தில் பாக்டீரியாவுக்கு இருவேறு திறன்கள் தேவைப்படுகின்றன. முதலாவது ஓட்டம். மண்ணின் ஈரத்தில் நீந்தி வேரை அடைவதற்கு அதன் உடலில் கசையிழைகள் என்னும் நீண்ட மயிர்கள் சில உண்டு. அவற்றைச் சுழற்றி அது முன்னேறும். இந்தப் பாக்டீரியாவின் கசையிழைகள் ஒரே திசையில்தான் சுழலும். திசையை மாற்றிச் சுழற்றுவதற்குப் பதிலாக, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அது தன் போக்கைத் திருப்பிக்கொள்கிறது.

இரண்டாவது பசை. வேர்மயிருக்குள் குழாய் தோன்றுவதற்கும் அது நீளுவதற்கும், பாக்டீரியா தன் மேற்பரப்பில் சுரக்கும் ஒரு சர்க்கரைப் பசை இன்றியமையாதது. சக்சினோகிளைக்கான் என்பது அதன் பெயர். எட்டுச் சர்க்கரை மணிகளை ஓர் அலகாகக் கோத்து, அவ்வலகையே மீண்டும் மீண்டும் தொடுத்த நெடுஞ்சரம் அது. அந்த எட்டில் ஏழு குளுக்கோஸ், ஒன்று காலக்டோஸ். இத்தகைய நெடுஞ்சரங்களை விஞ்ஞானிகள் பாலிசாக்கரைடு என்கிறார்கள். நாம் பாவுக்குப் போடும் கஞ்சியும் ஒரு பாலிசாக்கரைடு. தறியில் ஓடும் பருத்தி நூலும் ஒரு பாலிசாக்கரைடு. கஞ்சியிலும் பஞ்சிலும் உள்ள மணி ஒன்றே, அதுவும் குளுக்கோஸே. மணியைக் கோத்த முறை வேறுபட்டதால் ஒன்று நீரில் குழைகிறது, மற்றொன்று துவைத்தாலும் கரையாத நூலாகிறது.

நெசவாலைப் பொருள் செய்த உதவி

கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்ணுயிரின் மேலுள்ள பசையை எவ்வாறு காண்பது? இங்கேதான் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக்குக் கை கொடுத்தது. துணிக்கும் காகிதத்துக்கும் பளிச்சென்ற வெண்மை ஏற்றுவதற்காக ஆலைகள் பயன்படுத்திய கால்கோஃப்ளூர் ஒயிட் என்று ஒரு பொருள் உண்டு. பருத்தியின் செல்லுலோஸ் சரத்தை அது பற்றிக்கொள்ளும். புற ஊதாக் கதிர் பட்டால் ஒளி வீசும். சக்சினோகிளைக்கானில் மணிகள் கோக்கப்பட்டுள்ள முறை செல்லுலோஸை ஒத்திருப்பதால், அதனையும் இப்பொருள் பற்றுகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிரஹாம் வாக்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் இதனைப் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் கலந்து வைத்தனர். பசை சுரக்கும் பாக்டீரியாக் கூட்டங்கள் புற ஊதாக் கதிரின்கீழ் ஒளிர்ந்தன. பசையற்ற திரிபுகள் இருண்டு கிடந்தன. இருண்டவற்றைப் பொறுக்கி எடுத்துக் குதிரை மசால் வேரில் விட்டுப் பார்த்தார்கள். முடிச்சுகள் தோன்றின, ஆனால் உள்ளே பாக்டீரியா இல்லை. வெறும் கூடுகளாகவே அவை நின்றன. 1985-இல் இம்முடிவு வெளியாயிற்று. பிற்பாடு 1998-இல், பச்சை ஒளி வீசும் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, வேர்மயிருக்குள் அது செல்லும் வழியைக் கண்கூடாகப் பார்த்தபோது, பசையில்லாதவை குழாயைத் தொடங்கவோ நீட்டவோ மாட்டாமல் வாசலிலேயே தடைப்பட்டமை உறுதியாயிற்று.

மிகுந்து ஒளிர்ந்தவை பயன்படவில்லை

பசை இல்லையேல் வாழ்வில்லை என்றால், பசை மிகுதியாயிருப்பது மிகவும் நல்லதன்றோ என்று எவருக்கும் தோன்றும். 1988-இல் அதே ஆராய்ச்சிக்கூடத்தார் வேறு இரு திரிபுகளைத் தேர்ந்தெடுத்தனர். இவை தட்டில் மற்றெல்லாவற்றையும்விடப் பளீரென்று ஒளிர்ந்தன. பசையை அளவின்றிச் சுரந்தன. ஒன்றில் எக்ஸோ-ஆர் என்னும் ஜீனும், மற்றொன்றில் எக்ஸோ-எஸ் என்னும் ஜீனும் சேதமுற்றிருந்தன.

இவற்றை வேரில் விட்டு முறையாகச் சோதித்த செய்தி 2004-இல் வெளிவந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேமன் கல்லூரியில் ஹை-பிங் செங் என்பவரும், அவரோடு சேர்ந்துழைத்த பிறரும் அதனை வெளியிட்டனர். பசை மிகுந்த இரு திரிபுகளும் வேர்மயிரில் குடியேறுவதில் பின்தங்கின. காரணம் தேடியபோது, அவற்றின் உடலில் கசையிழைகள் பெரிதும் குறைந்து போயிருப்பது தெரிந்தது. நீந்தும் ஆற்றலை அவை இழந்திருந்தன. ஒட்டுவதற்கு வேண்டியது ஏராளமாய் இருந்தும், போய்ச் சேருவதற்கு வழியில்லை.

பசை அடர்ந்து கசையிழையை முடக்கிவிட்டதோ என்று ஐயுறலாம். ஆராய்ச்சியாளர்கள் அதனையும் பார்த்தார்கள். பசையின் மிகுதி காரணமன்று. கசையிழையைத் தோற்றுவிக்கும் ஜீன்களே அடக்கப்பட்டுவிட்டன. பசையைக் கூட்டுக என்ற கட்டளையும், கசையிழையை நிறுத்துக என்ற கட்டளையும் ஒரே இடத்திலிருந்து ஒரே வேளையில் பிறக்கின்றன என்பதே இதனால் பெறப்பட்ட உண்மை.

மிதியும் கட்டையும்

அந்தக் கட்டளை பிறக்கும் இடத்தை இனிப் பார்ப்போம். எக்ஸோ-ஆர், எக்ஸோ-எஸ், சி-எச்-வி-ஐ என்னும் மூன்று புரதங்கள் அங்கே பணிபுரிகின்றன. கைத்தறியைக் கொண்டே இதனை விளக்கலாம். மிதியை மிதித்தால் ஒரு விழுது மேலேற மற்றொரு விழுது கீழிறங்குகிறது. இரண்டும் ஒருசேர மேலேறுவதில்லை. அவ்வாறே பாக்டீரியாவிலும் பசை ஜீன்கள் ஒரு விழுதாகவும், கசையிழை ஜீன்கள் மற்றொரு விழுதாகவும் உள்ளன.

எக்ஸோ-எஸ் என்பது மிதி. பாக்டீரியாவின் உட்சவ்வில் அது பதிந்திருக்கிறது. ஒரு பகுதி வெளிப்புறத்தை நோக்கியும், மற்றொரு பகுதி உள்ளே செல்லின் நடுவை நோக்கியும் இருக்கிறது. சி-எச்-வி-ஐ என்பது மிதியையும் விழுதையும் இணைக்கும் கயிறு. எக்ஸோ-எஸ் விழித்தெழுந்தால் தன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு, அதனை சி-எச்-வி-ஐ-க்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் பெற்ற சி-எச்-வி-ஐ, டி.என்.ஏ. இழையில் உரிய இடங்களைப் பற்றுகிறது. அதன் விளைவாகப் பசை ஜீன்கள் உயருகின்றன, கசையிழை ஜீன்கள் தாழுகின்றன. எக்ஸோ-எஸ்ஸும் சி-எச்-வி-ஐ-யும் இவ்வாறு இணைந்து பசையை ஆளுகின்றன என்பதை செங், வாக்கர் ஆகிய இருவரும் 1998-இல் நிறுவினர்.

எக்ஸோ-ஆர் எங்கே இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஷாரன் லாங் அம்மையாரின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. பாக்டீரியாவுக்கு உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு சவ்வுகள் உண்டு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளிக்கு எக்ஸோ-ஆர் அனுப்பப்படுகிறது என்று 2007-இல் கண்டார்கள். அங்கிருந்து அது எக்ஸோ-எஸ்ஸைப் பற்றிக்கொள்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். மிதியின் அடியில் செருகிய கட்டைபோல் அது நிற்கிறது. கட்டை உள்ளவரை மிதி இறங்காது. பாக்டீரியா நீந்தித் திரியும்.

ஒட்டும் வேளை வந்ததும் அந்தக் கட்டையை அகற்றவேண்டும். அகற்றும் முறை எளிது. புரதத்தை வெட்டும் நொதிகள் எக்ஸோ-ஆர் புரதத்தைத் துணித்துவிடுகின்றன. செங் குழுவினர் 2012-இல் இதனை வெளியிட்டனர். கட்டை துண்டானதும் எக்ஸோ-எஸ் விடுதலை பெறுகிறது. பசை சுரக்கத் தொடங்குகிறது, கசையிழை நின்றுபோகிறது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. விழித்தெழுந்த சி-எச்-வி-ஐ, பசை ஜீன்களை உயர்த்துவதோடு நில்லாமல், எக்ஸோ-ஆர் ஜீனையும் உயர்த்துகிறது. அதாவது, மிதி இறங்கும்போதே அடுத்த கட்டையும் செதுக்கப்படுகிறது. வெட்டும் வேலை ஓய்ந்தவுடன் புதிய எக்ஸோ-ஆர் நிறைந்து, எக்ஸோ-எஸ்ஸை மீண்டும் அமர்த்திவிடுகிறது. இதனால் பசைச் சுரப்பு எல்லை மீறி ஓடுவதில்லை. வேண்டியபோது தொடங்கி, வேண்டாதபோது அடங்குகிறது. எக்ஸோ-ஆர் சேதமுற்ற திரிபுக்கோ அடக்குவாரில்லை. அது ஓயாமல் பசை சுரந்து ஓட்டத்தை இழந்தது.

அப்படியானால் மிதியையே கழற்றி எறிந்துவிட்டால் என்ன? கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் எக்ஸோ-எஸ், சி-எச்-வி-ஐ ஆகியவற்றை அறவே நீக்கிப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தகைய பாக்டீரியா செடியோடு பயனுள்ள உறவு கொள்ளவில்லை. எப்போதும் இயங்கும் மிதியும் உதவாது, ஒருபோதும் இயங்காத மிதியும் உதவாது. காலமறிந்து மாறும் மிதியே வேண்டும்.

செடியும் சோதிக்கிறது

பசை வெறும் ஒட்டுப்பொருளன்று, அடையாளச் சின்னமும் ஆகும். டென்மார்க் நாட்டு ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார், லோட்டஸ் என்னும் மற்றோர் அவரைக் குடும்பச் செடியை ஆராய்ந்து, பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரையைத் தொட்டறியும் ஒரு புரதம் அச்செடியிடம் இருப்பதை 2015-இல் அறிவித்தனர். சர்க்கரைச் சரம் சரியான வடிவில் இருந்தால் செடி வழிவிடுகிறது. வடிவம் குறைபட்டிருந்தால் தடுத்து நிறுத்துகிறது. சங்க முத்திரையைப் பார்த்துச் சேலையை வாங்கும் ஒருவரைப்போல, செடியும் முத்திரை பார்த்தே உள்ளே விடுகிறது.

இதே மூன்று புரத அமைப்பு நண்பரிடம் மட்டும் இருப்பதன்று. செடிகளின் தண்டடியில் கழலைகளை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்னும் நோய்ப் பாக்டீரியாவும் இவற்றை வைத்திருக்கிறது. சுற்றுப்புறம் புளித்து அமிலமானால், அதனிடமுள்ள எக்ஸோ-ஆர் சிதைந்து, தாக்குதலுக்கான ஏற்பாடுகள் தொடங்குகின்றன. மாடுகளுக்குக் கன்று வீச்சு உண்டாக்கும் புரூசெல்லாக் கிருமியிடமும் எக்ஸோ-எஸ், சி-எச்-வி-ஐ போன்ற ஒரு ஜோடி உண்டு. அது பழுதுபட்டால் கிருமி தன் கொடுமையை இழக்கிறது. வேரில் நைட்ரஜன் சேர்க்கும் நண்பனும் மாட்டைப் பீடிக்கும் பகைவனும் ஒரே வகை மிதியை மிதித்துத்தான் பிற உயிரின் உடலுக்குள் புகுகின்றன. ஆகவே குதிரை மசால் வேரில் கற்ற பாடம், கால்நடை வைத்தியத்துக்கும் துணைசெய்யும்.

நம் வயலில்

சாகுபடி செய்யும் அங்கத்தினர்கள் இவ்வாராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது யாது? முதலில் ஓர் எச்சரிக்கை. குதிரை மசாலில் கண்டதை எல்லாப் பயிருக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதன் பாக்டீரியா வேறு பிரிவைச் சேர்ந்தது. அது வேர்மயிர் வழியே குழாய் அமைத்துப் புகுவதில்லை. பக்கவேர் கிளம்பும் இடத்திலுள்ள வெடிப்பின் வழியே நுழைகிறது. ஆதலால் ஒரு பயிருக்குரிய ரைசோபியத்தை மற்றொன்றுக்கு இட்டுவிட்டுப் பலனை எதிர்பார்த்தல் வீண். பொட்டலத்தின் மேல் எந்தப் பயிரின் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அந்தப் பயிருக்கே அதனைப் பயன்படுத்துக.

இரண்டாவது, பாக்டீரியா உயிருள்ள பொருள். உயிரோடு இருந்தால்தான் அதன் மிதியும் கட்டையும் இயங்கும். வெயிலில் கிடந்த பொட்டலமும், காலாவதியான பொட்டலமும், பூச்சிமருந்தோடு ஒரே மூலையில் அடுக்கிய பொட்டலமும் மண்ணுக்குச் சமானம். சங்கக் கிடங்கின் பொறுப்பாளர்கள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர் உரத்தைக் குழைத்து, விதையின்மேல் சீராகப் படியும்படி கலந்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுக. கஞ்சி சூடாயிருந்தால் பாக்டீரியா வெந்து மடியும். பூஞ்சாண மருந்தால் விதைநேர்த்தி செய்வதாயின், முதலில் அதனைச் செய்து, 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிரைக் கலக்கவேண்டும்.

மூன்றாவது, நிலத்தில் தழைச்சத்து உரத்தை மிகுதியாகக் கொட்டினால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பயறுவகைப் பயிருக்கு யூரியாவை அள்ளி இடுவோர், உரத்துக்கும் பணம் செலவிட்டு, இலவசமாகக் கிடைப்பதையும் இழக்கிறார்கள்.

நான்காவது, தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யலாகாது. ஆராய்ச்சித் தட்டில் மிக ஒளிர்ந்த பாக்டீரியா வேரில் பயன்படவில்லை. கொழகொழவென்று பசை மிகுந்த வளர்ப்பு நல்லது என்று எவரேனும் கூறினால் அதனை நம்பி வாங்கவேண்டா. நம்பத்தக்க சோதனை செடியின் வேரிலேயே இருக்கிறது. விதைத்த 30, 40 நாளில் வயலின் பல இடங்களிலிருந்து ஒவ்வொரு செடியாகப் பெயர்த்து, முடிச்சுகளை அறுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாயிருந்தால் பாக்டீரியா உள்ளே புகுந்து தொழில் செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் தொழில் நடைபெறவில்லை. எந்த வயலில், எந்தப் பொட்டலத்தால், எத்தகைய முடிச்சு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பலருடைய குறிப்புகளும் ஒன்று சேர்ந்தால், அடுத்த பருவத்துக்கு எங்கே வாங்குவது, எதை ஒதுக்குவது என்று சங்கம் ஆதாரத்தோடு தீர்மானிக்க இயலும். ஒரு பொட்டலத்தின் விலை அற்பமே. அது தவறினால் போகும் பருவம் அற்பமன்று.

நெசவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. துணிக்கு வெண்மை ஏற்றும் பொருள் ஒன்று, வேரின் இரகசியத்தைக் காட்டும் விளக்காயிற்று. பருத்தி நூலையும் பாக்டீரியாவின் பசையையும் ஒரே பொருள் பற்றுவதற்குக் காரணம், இரண்டும் சர்க்கரை மணிகளை ஒத்த முறையில் கோத்த சரங்களாயிருப்பதே. தறியில் இருப்பவரும் ஏரில் இருப்பவரும் கையாளுவது அடிப்படையில் ஒரே சரக்குத்தான். பாவுக்கு எவ்வளவு கஞ்சி போடுவது, எப்போது நிறுத்துவது என்பதை அறியாத நெசவாளி நல்ல துணி நெய்ய முடியாது. கஞ்சி குறைந்தால் இழை அறும், மிகுந்தால் நூல் விறைக்கும். அந்த அளவறிவைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா, மூன்று புரதங்களைக் கொண்டு தன்னுள்ளே வைத்திருக்கிறது. அதனை உயிரோடும் உரிய காலத்திலும் வேரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு மட்டுமே நம்முடையது. அதனை வரும் விதைப்புப் பருவத்திலேயே நம் அங்கத்தினர்கள் செவ்வனே நிறைவேற்றுவார்களாக.